இலஞ்சி வீட்டு இரைச்சல்

சாரல் காலத்தில் ஆம்ப்ளிபயர் இரைவது புதிதல்ல, ஐயா. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தென்காசியில் என் கடை நிறைந்துவிடும். ஈரம் எந்தப் பெட்டியையும் விடாது.

இலஞ்சி செந்தில்வேல் சார் வீட்டு செட்டும் அப்படித்தான். பாட்டுக்கு அடியில் ஓயாத ஓர் இரைச்சல். ஒயரை மாற்றினேன். ஸ்பீக்கரை இடம் வலம் மாற்றிப் பார்த்தேன். கெப்பாசிட்டர் புதிதாகப் போட்டேன். போகவில்லை. மூன்றாம் முறை போனபோது, விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் சார் சொன்னார்: "ஏலே பாண்டியராஜ், வேலை தெரியலன்னு சொல்லிட்டுப் போயேம்லே. மதுரையிலேருந்து ஆளக் கூப்பிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷத் தொழில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மனைவி உமாதேவி அம்மா மட்டும் சிரிக்காமல் காபி கொண்டுவந்து தந்தார்.

பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றினேன். இரைச்சல் நின்றுவிட்டது. டிரான்ஸ்பார்மர் ஈரத்தில் கசிகிறது, இனி அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போகாமல் பெட்டித் தகட்டில்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். சார் முதுகில் தட்டி, "இப்பத்தாம்லே நீ மெக்கானிக்கு" என்றார். அந்த ஒரு சொல்லை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் அம்மா போன் செய்தார். "தம்பி, செட்டைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குது. ஒருக்க வந்து பாருங்களேன்."

பத்து நிமிஷ வேலை. ஆனால் எர்த்தை மாட்டினால் இரைச்சல் திரும்பும், சாரின் சிரிப்பும் திரும்பும்.

"ஈரக் கை பட்டிருக்கும்மா. செருப்புப் போட்டுட்டுத் தொடுங்க, ஒண்ணும் செய்யாது" என்றேன்.

சாரல் காலம் முழுக்க அந்த அம்மா விடியற்காலை ஐந்தருவியில் குளித்து, ஈரத் தலையோடு வந்து, முதல் வேலையாக முருகன் பாட்டைப் போடுவார். செட்டு இருப்பது பூஜை அறையில். செத்தாலும் அங்கே செருப்புக் காலோடு நுழையமாட்டார். அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏழேகாலுக்கு சார் பெயர் வந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் செருப்புப் போடச் சொன்னேன், ஐயா. அதையும் வாக்குமூலத்தில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.