சன்னல் வைக்காத பேட்டரி அறை

ஓடுகிறேன். கண் தெரியவில்லை. முகம் எரிகிறது. படார் என்று ஒரே சத்தம். பிறகு கதவு பிய்ந்து விழுந்த சத்தம். பிறகு காதுக்குள் ஙொய் என்ற இரைச்சல் மட்டும். என் வீட்டுக்காரர் கத்துகிறார்: "தொட்டிக்கு வா! தண்ணிக்குள்ள மூஞ்சிய முக்கு!" ஆடு குடிக்கும் தொட்டி. முக்கினேன். எரிச்சல் அடங்கவில்லை. பேட்டரி ஆசிட் அது.

ஆயுத பூஜை அன்று. உச்சி வெயில்.

புதூர்ப் பக்கம் காட்டுக்குள் எங்கள் வீடு. கரண்டுக் கம்பம் அதுவரை வரவில்லை. எனக்குத் தையல் மெஷின் ஓட வேண்டும். கோவில்பட்டியில் சோலார் வேலை பார்க்கிற என் தம்பி முருகேசன் மொட்டை மாடியில் தகடுகளைப் பூட்டினான். பேட்டரிகளைப் பருத்தி போட்டுவைக்கும் உள்ளறையில் வைத்தான். அதற்குச் சன்னல் கிடையாது. சன்னல் வேண்டாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தம்பி சொன்னான்:

"சன்னல் வச்சா கரிசத் தூசி வந்துரும் அத்தான். மூடிக் கெடந்தாத்தான் நல்லது."

நம்பினோம். என் இடுப்பில் வளர்ந்தவன். நம்பாமல் என்ன செய்வேன்?

ஒரு வருஷம் மெஷின் ஓடியது. பூஜை வந்தது. எங்களுக்குச் சோறு போடுகிற எதற்கும் அன்று சூடம் காட்டாமல் விடமாட்டோம். கலப்பைக்குக் காட்டினேன். மெஷினுக்குக் காட்டினேன். பேட்டரிக்கு, பூஜைக்கு வந்திருந்த தம்பியே காலையில் சந்தனப் பொட்டு வைத்துக் கதவைச் சாத்தியிருந்தான். திறக்கிறேன். சூடம் எரிகிற தட்டோடு கால் எடுத்து வைக்கிறேன். முற்றத்தில் இருந்து அவன் குரல்:

"அக்கா, தீயோட உள்ள போவாத! பேட்டரி விடுற கேஸ் உள்ள நிக்கும்!"

அப்புறம்தான் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடக்கிறேன். வெளியே சொந்தக்காரர்களிடம் அவன் சொல்கிறான்: "கேஸ் வரும்னு யாரு கண்டா? அக்காதான் சூடத்தக் கொண்டு போனா."

அவன் கத்தியதை நான் கேட்டேன். தெரியாதவன் அப்படிக் கத்த மாட்டான். வயிறு எரிந்தது. முகம் எரிந்ததைவிட அது அதிகம்.

என் வீட்டுக்காரர் தனியாகப் பிடித்துக் கேட்டபோது ஒத்துக்கொண்டான். "கேஸ் வெளிய போக சன்னல் வேணும்னு தெரியும். சொவர ஒடைக்க ஒரு நாளாவும் அத்தான். மறுநா வேற வீட்டுல வேல இருந்துச்சு." அவ்வளவுதான். ஒரு நாள் வேலைக்காக ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான்.

போனதைச் சொல்கிறேன். பேட்டரிகள் நான்கும். கதவு. என் வலது கண். இடது கண்ணால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அதனால் தையலும்.

ஆள் கணக்கில் ஒருவன். கோவில்பட்டியில் நன்றாகத்தான் இருக்கிறான்.