வெல்மோராவுக்கு மூணு பேரு

ஒரு சின்னச் சங்கதி சொல்றேன், கேளுங்க. கை தட்ட வேண்டாம்... இது கை தட்டுற கதை இல்ல.

வெல்மோரான்னு ஒரு சொகுசுக் கார். ஐரோப்பாவுல அதுக்குப் பேரு வெல்மோரா. அரபு நாட்டுல நஜ்வா. இன்னும் கிழக்க போனா லூமா. ஏன்? அந்தந்த ஊர்ப் பணக்காரனுக்குப் பிடிக்கணுமாம்!

வளைகுடாவுல, கப்பல்ல வந்து இறங்குற வண்டியில பழைய பேரைச் சூடு காட்டிப் பெயர்த்துட்டு, புதுப் பேரை ஒட்டணும். அந்த வேலை... என் மச்சினன் இருதயராஜுக்கு. போன அன்னைக்கே மேனேஜர், "உன் பேரு ரொம்ப நீளம்ப்பா. இனிமே நீ ரிக்கி"ன்னுட்டான். சட்டையில அந்தப் பேரு போட்ட வில்லையும் குத்தியாச்சு. இவன் போன்ல சிரிக்கிறான், "அத்தான், வண்டிக்கும் எனக்கும் ஒரே நாள்ல பேரு வச்சிட்டாங்க!" நானும்... சிரிச்சேன்.

ஆடி மாசம் அங்க வெயில்ல சுருண்டு விழுந்தான். கூட இருந்தவங்க ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. பேரு என்ன? "ரிக்கி." அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

தம்பி போனே எடுக்கலைன்னு இங்க என் வீட்டுக்காரி துடிக்கிறா. வண்டி நிறுத்துற யார்டுக்குப் போன் போடுறா. "அண்ணே, என் தம்பி இருதயராஜ்..." "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா." மறுநாளும் அதே பதில். அந்த ஊர் ஆஸ்பத்திரியில கேட்டாலும் அதே பதில். ஒன்பது நாள்! பத்தாம் நாள் அவன் போட்டோவை யார்டுக்கு அனுப்பினோம். "ஐயோ, இது நம்ம ரிக்கி!"

அவன் செத்து மூணு நாள் ஆகியிருந்தது. அதுக்கு முன்னாடி ஏழு நாள் உயிரோட கிடந்தான்யா! அக்கா குரலை ஒரு தடவை கேட்டிருப்பான்...

சென்னையில அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். வாசல்லயே தடுத்தாங்க. சாயங்காலம் வரைக்கும் நகரல. கடைசியில ஒரு அதிகாரி வந்தார். "உங்க வண்டிக்கு மூணு பேரு இருக்கே, ஒண்ணு காணாமப் போனா எப்படிய்யா கண்டுபிடிப்பீங்க?"ன்னேன்.

"பேரு என்னவா இருந்தா என்ன பெரியவரே? உள்ள வெட்டின சேஸிஸ் நம்பர் மாறாது. ரெண்டு நிமிஷம் போதும்."

ரெண்டு நிமிஷம்... வண்டிக்கு!

கம்பெனிக்காரனைத் திட்டிட்டு மேடையை விட்டு இறங்கிடுவேன்னு நினைச்சீங்களா? எதிர்ல மாடி கட்டுறாங்களே, ஒரிசாவுலேர்ந்து வந்து செங்கல் சுமக்குறானே... அவன் பேரு இங்க யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்க பார்ப்போம். ஆறு மாசமா "ஏய் பாய்"தானே? அவனுக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருப்பா.

அவ நமக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி... போய் அவன் பேரைக் கேளுங்க. முழுசாக் கேளுங்க. வாயில நுழையலையா? நுழையுற வரைக்கும் அங்கேயே நில்லுங்க.