மொட்டை மாடித் தண்ணீர்

அடையாறிலிருந்து லஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே பியூட்டி பார்லரின் சீருடையில். மாலை ரிசப்ஷனுக்கு மணப்பெண்ணை அலங்கரிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணப் பொண்ணு மூஞ்சில சுடுதண்ணிய ஊத்திக்கீறியே, இன்னாடி, ரசமா வெச்ச?" என்றாள் மூத்தவள்.

"சிரிக்காதக்கா. ஃபேஷியல் முடிச்சு குழாயத் தொறந்தேன். மத்தியானம், மாடி டேங்க் தண்ணி கொதிச்சிக்கினு கீது. தெனம் அதுலயே கை வெக்கிறேனா, சூடே தெரியல. கண்ணாடில பாத்தா தக்காளி மாரி கீது அந்தப் பொண்ணு."

"ஐஸ் வெச்சியா?"

"வெந்த தோலு ஐஸ் தாங்காதுக்கா. பானைத் தண்ணில துணிய நனைச்சு நனைச்சு ஒரு மணி நேரம் போட்டேன்."

"ஓனரம்மாக்கு தெரிஞ்சா வேலை போச்சு."

அப்போது மணப்பெண்ணிடமிருந்து போனில் படம் வந்தது. இருவரும் அதைப் பெரிதாக்கி, கன்னம் கன்னமாகப் பார்த்தார்கள்.

"செவப்பே இல்ல. தப்பிச்ச. வாயத் தொறக்காத."

"இல்லக்கா, சொல்லப்போறேன். காலைலயே பக்கெட்ல தண்ணி புடிச்சி வெக்கணும். இல்லாங்காட்டி புதுசா சேந்த பொண்ணும் அந்தக் குழாயத்தான் தொறக்கும்."

சொன்னபடியே ஓனரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, மத்தியானம் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா" என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நான் இறங்கவேண்டிய மந்தைவெளி வந்தது. இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நீளமாகத் திட்டு விழுந்தது. அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

கடைசியில், "சரிம்மா. நாளைக்கு ஏழு மணிக்கே வந்து நானே புடிச்சி வெக்கிறேன்" என்றாள்.