சுரண்டப்பட்ட லாரிக் கதவு

பெயர் அமுதம், வயது 41, கணவர் பெயர் அடைக்கலசாமி, புரோத்ராபூர், போர்ட் பிளேயர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் வேம்பார். எனக்குத் தெரிந்த மொழி தமிழ் என்பதால், நான் சொல்லச் சொல்ல ஏட்டு ஐயா தமிழில் எழுதிக்கொண்டது:

சுனாமியில் எங்கள் படகு போய்விட்டது. அதன்பிறகு 2007-இல் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது, டிரெய்லர் இழுக்கும் முன்வண்டி ஒன்றை என் கணவர் எடுத்தார். இந்தத் தீவின் மேட்டு வளைவுகளில் டிரெய்லர் திரும்பாது என்பதால் அதைச் சரக்கு லாரியாக்க முடிவு செய்து, அவரும் வெல்டர் ஷெல்டனும் எங்கள் வீட்டுப் பக்கத்து வெற்றிடத்தில் வைத்து, டிரெய்லர் பூட்டும் தட்டைக் கழற்றி, சேசிஸை நீட்டி, பின் அச்சைத் தள்ளிப் பூட்டி, நிலநடுக்கத்தில் இடிந்த, இங்கேயே இருந்த என் அப்பா வீட்டில் மிஞ்சிய படாக் மரப் பலகைகளால் தளம் போட்டார்கள். கதவுகளுக்கு நீலப் பெயிண்ட் அடித்தது நான். அதன்பிறகு போக்குவரத்து அலுவலகத்தில் சோதித்து, லாரி என்றே பதிவு செய்து கொடுத்தார்கள். ஒளித்து எதுவும் செய்யவில்லை. ஊரே நின்று பார்த்தது.

அதன்பிறகு ஹேடோ துறைமுக ஜெட்டியில் சரக்கு ஏற்றிப் பிழைத்தோம். அதுவரை அங்கே லோடு முழுவதையும் தன் லாரிகளில் ஏற்றிவந்த கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம், வண்டியைத் தனக்கு விற்கும்படி கேட்டார். நாங்கள் சம்மதிக்கவில்லை.

கடந்த திங்கட்கிழமை பகலில் நான் சோறு கொண்டு போனபோது, ஜெட்டி வாயிலில் போலீஸார் என் கணவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். ஜம்புலிங்கம் கதவைச் சாவியால் சுரண்டி, அடியிலிருந்த பச்சையைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் காட்டி, "தேக்கியே சாப், அந்தர் பூரா ஃபௌஜி கலர். சோரி பண்ண வண்டி" என்றார். உள்ளே முழுக்க ராணுவ நிறம், திருடிய வண்டி என்று அர்த்தம். "ஏலத்துல எடுத்தது சாப். பேப்பரெல்லாம் கேபின்லயே இருக்கு, பாருங்க" என்று என் கணவர் கெஞ்சினார். யாரும் கேபினுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அதன்பிறகு லாரியைக் கட்டி இழுக்கக் கம்பிக் கயிறு கொண்டுவந்தார்கள். வண்டி கியரில் நிற்கிறது, சரக்கோடு இழுத்தால் உடையும் என்று கத்திச் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் "ஹட்டோ" என்று விலகச் சொன்னார். நான் பம்பரில் ஏறி உட்கார்ந்தேன். பெண் போலீஸ் இல்லாமலே, ஆண்கள் என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். சோறு மண்ணில் கொட்டியது. அதன்பிறகு இழுத்தார்கள். வாயிலைத் தாண்டுவதற்குள் படாரென்று ஷாஃப்ட் முறிந்து ரோட்டில் விழுந்தது. ஜம்புலிங்கம் சிரித்துக்கொண்டு, "கபாடி வண்டிதானேம்மா, இனிமே பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுரு" என்றார்.

அன்று மாலை ராணுவ முகாமிலிருந்து வந்த சுபேதார், சேசிஸ் நம்பரைப் பார்த்து, ஏலத்தில் போன வண்டிதான் என்று சொன்னார். அதன்பிறகு என் கணவரை விட்டார்கள். தப்பு நடந்துவிட்டது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்ப் புகார் கொடுத்தவர் மேல் வழக்கு இல்லை. வண்டியை உடைத்தவர்கள் மேல் வழக்கு இல்லை. கடமையைத் தடுத்து, சப்-இன்ஸ்பெக்டரைக் கன்னத்தில் அறைந்ததாக என் மேல் வழக்கு.

அது பொய். நான் அறைந்தது ஜம்புலிங்கத்தை. அங்கே வேறு யாரையும் நான் தொடவில்லை.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்) அ. அமுதம்