நாற்பத்தேழாம் டிஸ்க் கேட்ட கேள்வி

— ஆமான்னும் நான் சொல்லலை, வேண்டாம்னும் நான் சொல்லலை. நல்லாக் கேட்டுக்கோம்மா.

— அதான் சார் பிரச்சினையே. மிஷின் ரெண்டுல ஒண்ணைத்தான் கேக்குது. நாப்பத்தேழாம் டிஸ்க் படுத்துருச்சு. ‘இதைக் கழட்டி விட்டுட்டு நகல் டிஸ்க்குக்கு மாறிக்கட்டுமா? ஆமாவா, இல்லையா?’ அவ்வளவுதான் கேள்வி. திரையில செவப்பா நிக்குது.

— நிக்கட்டுமே. உன்கிட்ட சோறா கேக்குது?

— அது நின்னா எல்லாமே நிக்குதே சார். அதுக்குப் பதில் போடாம ஒரு லைனும் நகராது. வெளி ஆபீஸ் கம்ப்யூட்டர் லைன் அத்தனையும் பின்னாடி வரிசைகட்டிக் காத்துக்கிடக்கு. ஃபோன் எடுத்து எடுத்து என் காது பழுத்துப்போச்சு.

— பாரும்மா, நான் அரை நாள் லீவு. பொண்ணுக்குக் கல்யாணப் பதிவு. பதிவாளர் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். புதுச் சட்டை வேற கழுத்தை அறுக்குது. இந்த நேரத்துல போய் டிஸ்க்கு, கிஸ்க்குன்னு...

— ரொம்ப சந்தோஷம் சார். ஒரு வார்த்தை சொல்லிட்டு நீங்க பாட்டுக்குக் கல்யாணத்தைப் பாருங்க. இல்லேன்னா பொறுப்பை யார்கிட்டயாவது குடுத்துட்டாவது போயிருக்கலாம்.

— யாரை நம்பிக் குடுக்கறது? இப்போ என்ன, உசிதம் போல செய்யேன்.

— கீபோர்டுல உசிதம்னு ஒரு பட்டன் இல்லையே சார்.

— வாய் ரொம்ப நீளுது உனக்கு.

— பயத்துல நீளுது சார். போன தடவை இதே மாதிரி மிஷின் கேட்டப்போ, ‘தட்டுப்பா, நான் இருக்கேன்’னு ஃபோன்ல சொன்னீங்க. அப்போ இந்த சீட்ல இருந்த மொட்டை அண்ணன் தட்டினாரு, பாதி ரெக்கார்டு அழிஞ்சுபோச்சு. விசாரணையில உங்களைக் கேட்டப்போ, ‘நான் எப்போ சொன்னேன்?’னுட்டீங்க. இன்னிக்கு வரைக்கும் அவர் டேப் ரூம்ல தூசி தட்டிட்டு இருக்காரு.

— அது வேற, இது வேற. அதையெல்லாம் இப்போ கிளறாதே.

— நான் தட்டினா எனக்கும் அதே டேப் ரூம்தானே சார்? இல்லே, அதுவும் இல்லாம வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. வீட்டுல சம்பாதிக்கறவ நான் ஒருத்தி.

— அப்போ தட்டாதே.

— சரி, ‘இல்லை’ன்னு போட்டுடவா?

— ஐயோ, அப்படி நான் சொன்னேனா? எதையும் தொடாதே. தொட்டா உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை. நாளைக்கு எல்லாரையும் கூட்டி உக்காந்து பேசுவோம். இரும்மா, சம்பந்தியம்மா கூப்பிடறாங்க. ...ஆங், இதோ ஆயிடும், இதோ ஆயிடும்! ...என்ன அக்கிரமம் பாரு. வந்ததுல இருந்து உக்கார வெச்சிருக்காங்க, இன்னும் பதிவு பண்ணின பாடில்லை.

— ஏன் சார்?

— என்னமோ கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குதாம். பதிவாளர் கையைக் கட்டிக்கிட்டு விட்டத்தைப் பாக்கறாரு. மாப்பிள்ளைக்குச் சாயங்காலம் கப்பல். போனா வர்றதுக்கு ஒரு வருஷம். ‘ஊர்ல இருக்கற கம்ப்யூட்டர் பூரா என் கைக்குள்ளேன்னீங்களே சம்பந்தி’ன்னு அந்தம்மா குத்திக்காட்டறாங்க. முகத்தை எங்கே கொண்டுபோய் வெச்சுக்கறது? எவன்மா இதுக்கெல்லாம் பொறுப்பு?

— சார்...

— ஒரு முடிவெடுக்கத் துப்பில்லாத பயலுங்க! நாற்காலி மட்டும் வேணும்!

— சார், நீங்க இருக்கறது மணிக்கூண்டுப் பக்கத்து ஆபீஸா?

— ஆமா. ஏன்?

— இங்க காத்துக்கிடக்கற வரிசையில முதல் லைனே அதுதான் சார்.

— எந்த வரிசை?

— நாப்பத்தேழுக்குப் பின்னாடி.

— இரு, இரு, கொஞ்சம் வெளியே வந்துடறேன்.

— சார்? இருக்கீங்களா?

— அப்போ... அந்தத் துப்பில்லாத பய...

— நான் அப்படிச் சொல்லலை சார்.

— ஏம்மா, என் பொண்ணு மாலையைக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டு நிக்கறாம்மா. கண்ணு மை பூரா கன்னத்துல. நீ என் தங்கச்சி மாதிரி. அந்த ‘ஆமா’வைச் சத்தமில்லாம தட்டிவிட்டுரேன். நான் சொன்னதா இருக்க வேண்டாம். நீ செஞ்சதாவும் இருக்க வேண்டாம். அதுவா ஆயிடுச்சுன்னு இருக்கட்டும்.

— மிஷினுக்கு அதுவா ஆகத் தெரியாது சார். யார் தட்டினாங்கன்னு அது ஞாபகம் வெச்சுக்கும்.

— உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்மா!

— அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாம் சார். பட்டன் மேல விரலை வெச்சாச்சு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஷிஃப்ட்ல இருக்கறவங்க எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. மொட்டை அண்ணனும் துடைப்பத்தோட வந்து வாசல்ல நிக்கறாரு. அவர் காதுல விழற மாதிரி, ‘ஆமா, நான்தான் சொல்றேன்’னு ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க சார்.