அறுபது ஊட்லயும் நல்ல தூக்கம்

எங்கூருல எல்லாரும் சந்தோசமா இருக்காங்கன்னு ஆராய்ச்சியில எழுதிப்போட்டாங்க. அங்கதானுங்க கெட்டுது.

நீங்க உக்காருங்க. டோக்கன் கூப்பிட நேரமாகும். இந்த டாக்டரம்மா ஒருத்தரை உள்ள வுட்டா அரை மணி நேரம் பேசுவாங்க. ஊசி போட்டுத் தள்ளிவுடற டாக்டரு இல்ல, மனசு டாக்டரு. வியாழக்கெழமை மட்டும் வருவாங்க.

நானா? தூக்கமில்லீங்க. ஒன்றரை வருசமாச்சு. தோப்புல போரு கெணறு வத்துனதுல இருந்து. இன்னொண்ணு போட்டோம், ஆயிரத்து நூறு அடி. புகைதான் வந்துச்சு. தென்னை மண்டை காஞ்சு நிக்குது. எட்டுத் தறியில அஞ்சு ஓடறதில்ல. படுத்தா அந்த அஞ்சு தறியும் காதுக்குள்ள ஓடுது. உங்களுக்குப் புரியாது. வுடுங்க.

இந்த டாக்டரம்மா போன வருசமே வந்திருக்கோணும். நான் போன வருசமே தூங்கியிருக்கோணும். கவருமெண்டுல நாலு ஊருல ஆராய்ச்சி பண்ணி, எந்த ஊரு ரொம்ப நொந்து கெடக்குதோ அதுக்குக் குடுக்கறதுன்னு ஏற்பாடு. தறிக்கூரைக்கு சோலார், மழைத்தண்ணி தேங்க குட்டை, வாரம் ஒருக்கா மனசு டாக்டரு. மூணும் பக்கத்தூருக்குப் போச்சு. எங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதாசி வந்துச்சு. கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காங்க, பாலு சொசைட்டியில.

பல்லடம் ஆபீசுக்கு நாலு நடை நடந்தனுங்க. ஆராய்ச்சி தப்பு, உங்க அளவுகோலு தப்பு, படிச்சவன் எழுதறது பூராத் தப்புன்னு சத்தம் போட்டேன். ஆபீசரு சின்ன வயசு, யஷ்வந்த்னு பேரு. தண்ணி குடுத்து உக்கார வெச்சாரு. எங்க மூணு தெருவுல அறுபது ஊட்ல கேட்டாங்களாம். அறுபது ஊட்லயும் கெணத்துல தண்ணி தளும்புதாம், தறி மூணு ஷிப்ட் ஓடுதாம், எல்லாரும் எட்டு மணி நேரம் தூங்கறாங்களாம். ஆராய்ச்சி வானத்துல இருந்து வர்றதில்லீங்க ஐயா, ஊருக்காரங்க சொன்னதுதான் ஆராய்ச்சின்னாரு.

எனக்குக் கோவம் பாருங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னாங்களா? அது... அதுக்கு முன்னால என்ற பொண்ணு சமாச்சாரம் சொல்லோணும். லோகப்பிரியா. கோயமுத்தூருல கம்பெனி வேலை. பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்துச்சு. நல்ல எடம். ஜாதகமெல்லாம் பொருந்திப்போச்சு, இனி விசாரிச்சுட்டுச் சொல்றோம்னாங்க. உங்களுக்குத் தெரியாததா? நம்ம பக்கம் விசாரிக்கறதுன்னா மேளம் அடிச்சுட்டா வருவாங்க? எவனாச்சும் வெதை யாவாரி மாதிரி வருவான், வழி கேக்கற மாதிரி நிப்பான், ஊட்டு அடுப்பு வரைக்கும் தெரிஞ்சுட்டுப் போயிருவான்.

மூணாம் நாளு ஒரு புள்ள வந்து நிக்குது. கையில பலகை மாதிரி போனு. பேரு மேக்னான்னுச்சு. கெணறு எத்தனை அடி? தறி எத்தனை, ஓடறது எத்தனை? ஊட்ல யாராச்சும் மாத்திரை சாப்படறாங்களா? தூக்கம் வருதா? காரணமில்லாம அழுகை வருதா? நாளைக்கு என்னாகுமோன்னு பயமிருக்கா?

நீங்களே சொல்லுங்க. இதைச் சம்பந்தக்காரன் கேக்காம வேற எவன் கேப்பான்?

காலேஜு, ஆராய்ச்சின்னு அந்தப் புள்ள சொல்லத்தான் செஞ்சுது. அப்படித்தான சொல்லும்? நான் காப்பித் தண்ணி குடுத்து, கெணத்துல முப்பதடியில தண்ணின்னேன். படுத்தா காலையில கோழி கூப்பிடற வரைக்கும் அசையறதில்லன்னேன். அழுகையா, எங்க பரம்பரையிலயே இல்லைன்னுட்டேன். அது எழுதிட்டிருக்கறப்பவே பொறக்கடை வழியா ஓடி அடுத்தூட்டு மருதாசலத்துகிட்டச் சொல்லிப்போட்டேன். அவன் அடுத்த ஊட்டுக்கு. அரை மணி நேரத்துல மூணு தெருவும் தயாரு. பொண்ணு கல்யாணம்னா எங்கூரு ஒத்துமையே தனிங்க. மருதாசலம் ஒருபடி மேல போயி, தூக்கம் அதிகமாயிருச்சு, அதைக் கொறைக்க மருந்திருக்கான்னு கேட்டிருக்கான்.

அடுத்த வாரம் நெசமான ஆளு வந்தான். தேங்காய் யாவாரி மாதிரி. நம்ம மளிகைக்கடை கோபாலசாமி அவனை நெசமான யாவாரின்னே நம்பி உக்கார வெச்சு, என்ற பேரைச் சொல்லி, திருமூர்த்தி தோப்புப் பக்கம் போகாதீங்க, மரமெல்லாம் காஞ்சுபோச்சு, அவரும் தூக்கமில்லாம கெறுக்குப் புடிச்ச மாதிரி திரியறாருன்னு பூராத்தையும் கொட்டிப்போட்டான். நான் செத்தேன்னு நெனச்சேன். பெருந்துறையில இருந்து போனு. எங்கூட்லயும் போரு வத்திப்போச்சுங்க, எங்கப்பாவுக்கும் தூக்கமில்லீங்க, நாம ஒத்துப்போவோம்னாங்க.

சிரிக்காதீங்க. கல்யாணம் முடிஞ்சுது. டாக்டரு போனது போனதுதான?

ஆபீசருகிட்ட நான் இதைச் சொல்லல. அறுபது குடும்பமும் பொய் சொல்லுச்சு, சொல்லச் சொன்னது நான்தான்னு எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது? அதுக்குத்தான் ஆராய்ச்சியைத் திட்டிட்டிருந்தேன். அது சுலுவு.

ஒரு எடம் மட்டும் வுட்டுப்போச்சுங்க. ரோட்டுக்கு அந்தாண்ட காலனி. அங்க நான் போகல, ஆளும் அனுப்பல. சம்பந்தக்காரங்க அங்க போயி எதுக்கு விசாரிக்கப் போறாங்கன்னு இருந்துட்டேன். புத்தி அப்படி. அந்த ஆறு ஊட்ல உள்ளது உள்ளபடி சொல்லியிருக்காங்க. அறுபது ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். கூட்டிப் பார்த்தா சந்தோசமான ஊரு.

எங்க தறியில தாரு சுத்தற அம்மா அங்கதான் குடியிருக்கறாங்க. பதினஞ்சு வருசமா நூலு சுத்தறாங்க. சத்தமா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. அவங்கதான் பாராட்டுக் கடிதாசியைப் படிச்சுட்டு, அந்தப் புள்ள எழுதிக் குடுத்துட்டுப் போன நம்பருக்கு போனு போட்டிருக்காங்க. "அம்மணி, நீங்க எழுதுனது எங்கூரு இல்லீங்க"ன்னாங்களாம். அவ்வளவுதான் பேசுனது.

புள்ள ஓடி வந்துச்சு. அந்தம்மா நேரா என்ற ஊட்டு வாசலுக்குக் கூட்டியாந்துட்டாங்க.

"ஏனுங்க, பொண்ணு கல்யாணந்தான் முடிஞ்சுதுங்களே. இனியாச்சும் தூங்கறதில்லீன்னு சொல்லிப்போடுங்க. நாங்க சொன்னா ஆறுதானுங்க. நீங்க சொன்னாத்தான் அறுபதும் சொல்லும்."

நின்னு பார்த்தேன். கோவம் வரும்னு பார்த்தேன், வரல. உக்காந்து அத்தனை கேள்விக்கும் திருப்பிப் பதில் சொன்னேன். அழுகை வருமான்னு கேக்கறப்பவே வந்துருச்சு, அந்தப் புள்ள எழுதாம காத்திருந்துச்சு. அப்பறம் மருதாசலம் சொன்னான். ஒவ்வொரு ஊடாச் சொல்லுச்சு. ஒரு மாசமாச்சு, டாக்டரம்மா வர்றாங்க. குட்டைக்கு மண்ணும் தோண்டறாங்க. சோலாரு இன்னும் வரல, அது கெடக்குது.

என்ற டோக்கனு ஏழு. ஆறாவதை இப்பக் கூப்பிடறாங்க, இருங்க, காலை மடக்குங்க, அவிங்க போகட்டும்.

பார்த்தீங்களா, பச்சைச் சீலை. தாரு சுத்தற அம்மா, அவிங்கதானுங்க. பழனியாத்தா.