யார் போட்ட சைபர்

இல்லண்ணே, அந்த நாற்காலியிலயே உக்காருங்க. அது எங்க வீட்டுக்காரரு நாற்காலிதான், பரவால்ல லா. ஏழாம் நாள் பூசைக்கு வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க, இனிமே யாரு வரப் போறா. கோப்பி ஆறிடும், குடிங்க.

கல்லறையில நீங்க பின்னால நின்னத நான் பாத்தேன். மண்ணு போடக்கூட கிட்ட வரல. ரெண்டு வருஷம் பேசாம இருந்தவங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு நினைச்சிருப்பீங்க. எனக்குப் புரியுது ஆம்ப்ரோஸண்ணே. அதுக்குத்தான் ஆள் அனுப்பி வரச் சொன்னேன்.

அந்த கம்ப்யூட்டர் இன்னும் அந்த ரூம்லதான் இருக்கு. டெலிபோன் வயரப் பிடுங்கிட்டேன். எண்பத்தாறுல ஆரம்பிச்சாரு, மூணு வருஷமா இந்த வீட்டுக்கு யாரு போன் பண்ணாலும் எங்கேஜ்தான். எங்க அக்கா இதே சிங்கப்பூர்ல, பிடோக்ல இருந்துக்கிட்டே என்கிட்ட பேச முடியலன்னு பஸ் ஏறி வருவா. கேட்டா, ஒருத்தர் உள்ள இருக்காருன்னு சொல்லுவாரு. உள்ளன்னா வீட்டுக்குள்ள இல்ல, வயருக்குள்ள. கீ...ன்னு ஒரு சத்தம், அப்புறம் யாரோ எங்கேயோ இருந்து இங்லீஷ்ல தட்டுவாங்க, இங்க எழுத்து எழுத்தா வரும். அதுக்குப் பேரு போர்டு. பதினாலு பேரு மெம்பரு. பதினாலாவது ஆளு நானு, ஞாபகம் இருக்கா? நான் டைப்பிஸ்டுதானே, சும்மா வந்து தட்டுன்னு எனக்கும் ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தாரு. ஆளு எண்ணிக்கை கூடட்டுமேன்னு.

அந்த மார்க்கு விஷயத்தக் கொண்டு வந்ததும் அவருதான். எல்லாரும் எல்லாரோட வீட்டு நம்பர், அட்ரஸ் பாக்குறாங்க, அதனால யார நம்பலாம்னு மெம்பருங்களே மார்க்கு போடணும்னாரு. சைபர்லேர்ந்து அஞ்சு வரைக்கும். மொத வருஷம் யாரு எவ்வளவு போட்டாங்கன்னு பேரோட தெரியும். பரமசிவம்தான் மாட்டிக்கிட்டாரு. வேலாயுதம் டிஸ்க்க வாங்கிட்டுப் போயி திருப்பித் தரலைன்னு ரெண்டு மார்க்கு போட்டாரு. அவ்வளவுதான். வேலாயுதம் அந்தக் கோடி பூன் லேலேர்ந்து கிளம்பி வந்து, தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிக்கிட்டு நின்ன மனுசன எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு, நான் என்ன திருடனான்னு. அதுக்கப்புறம் எல்லாருக்கும் எல்லாரும் அஞ்சுதான். டிஸ்க்க தராத வேலாயுதத்துக்கும் அஞ்சு.

அதப் பாத்துதான் இவரு ரகசிய ஓட்டுன்னு மாத்தினாரு. நீங்க வேணாம்னீங்க. இதே ஹால்ல உக்காந்து, மூஞ்சிக்கு நேரா சொல்லத் துணிவில்லாதவன் எதுக்கு ஓட்டுப் போடுறான்னு கேட்டீங்க. அதுவும் நியாயம்தான். ஜைனப் டீச்சர்தான் எதிர்த்துப் பேசுனாங்க, துணிவு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் கருத்து இருக்கணுமான்னு.

அப்புறம் நீங்க இன்னொண்ணு சொன்னீங்க. ஒருத்தன் ரெண்டு வாட்டி போடக்கூடாதுன்னு மெஷினு பேர எழுதி வச்சுக்கத்தானே செய்யும், ப்ரோக்ராம் எழுதுனவன் நீ, நீ பாக்கலாமே, அப்புறம் என்ன ரகசியம்னீங்க. நான் பாக்க மாட்டேன், வார்த்தை குடுக்கறேன்னாரு. நீங்க சிரிச்சுக்கிட்டே, உன் வார்த்தைய யாருப்பா நம்புறதுன்னுட்டீங்க. வெளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. அவருக்கு அது உள்ள போயிடுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு மார்க்கு வந்துச்சு. அவருக்கு ஓட்டுப் போட்டது பதிமூணு பேரு. பன்னெண்டு அஞ்சு, ஒரு சைபர்.

சாப்பிட வந்து உக்காந்தாரு, சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், ஆம்ப்ரோஸ்தான்னாரு. நான் ரசம் ஊத்தினேன். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஏழு மணிப் பூசைய விட்டுட்டு ஒம்போது மணிப் பூசைக்குப் போக ஆரம்பிச்சோம், உங்களப் பாக்க வேணாம்னு. நீங்க ரெண்டு வாட்டி வந்து பெல் அடிச்சீங்க. அவரு உள்ளேர்ந்து வேணாம்னு தலைய ஆட்டினாரு, நான் கதவத் தொறக்கல.

உங்களுக்கு ஒண்ணு தெரியாது. எழுபத்து நாலுல எனக்குக் குழந்தை கலைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல, அன்னிக்கி பூரா அவரு வரல. ஓவர்டைம், விட மாட்டேங்குறாங்கன்னு சொல்லி அனுப்பினாரு. ஆறு மாசம் கழிச்சு உங்க வீட்டு அன்னம்மா ஏதோ பேச்சுல, அன்னிக்கி இதுங்க ரெண்டும் எங்க வீட்டுல ரேடியோவப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு சாப்பிடக்கூட எந்திரிக்கலன்னா. தெரியாமத்தான் சொன்னா. இல்லண்ணே, உங்க மேல தப்பு இல்ல, நான் ஆஸ்பத்திரியில இருக்கறத அவரு உங்ககிட்டயே சொல்லலையே. பயந்திருக்காரு, ஆஸ்பத்திரிக்கு வரப் பயம். இப்ப புரியுது. அப்ப புரியல. நான் கேக்கவும் இல்ல. அதுக்கப்புறம் அவரு ஓவர்டைம்னா சரிம்பேன். நம்பினேன்னு அர்த்தமில்ல.

கல்யாணத்துல சாமியாரு கேட்டாரு, இவர ஏத்துக்கிறியான்னு. கோயில் நெறைய சனம், அப்பா முன்னால நிக்கிறாரு. யாருண்ணே இல்லன்னு சொல்லுவா? அதுக்கப்புறம் யாரும் என்னய ஒண்ணும் கேட்டதில்ல. பதிமூணு வருஷமா அந்த ஆஸ்பத்திரி நாள மனசுல வச்சுக்கிட்டுத்தான் சோறாக்கினேன். அந்த மெஷினுதான் கேட்டுச்சு. அவரு பேரப் போட்டு, இயேசுதாசன நம்புறீங்களா, யாருக்கும் தெரியாதுன்னு. அவரு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாரு. தட்டிட்டு எந்திரிச்சுப் போயி அரிசி களைஞ்சேன்.

ஆமாண்ணே. நான்தான்.

சொல்லியிருக்கலாம். தெனமும் நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். கடைசியில வார்டுல வச்சு, ஆம்ப்ரோஸ் வந்தா எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லுன்னாரு. அப்பதான் எனக்கு ஒறைச்சுது. ரெண்டு வருஷம் அந்த மெஷினு முன்னாலயே உக்காந்திருந்தவரு, ஒரு தட்டுத் தட்டினா பேரு வந்திருக்கும். பாக்கவே இல்ல. சொன்ன வார்த்தையக் காப்பாத்தியிருக்காரு.

இப்ப ஓட்டு வச்சா அஞ்சு போடுவியான்னு கேக்காதீங்க. மூணு போடுவேன்.